காட்டுக்குள் ஒரு கிணறு

எங்கள் குடும்பத்திடம் ஊரின் ஒரு படம்கூட இருக்கவில்லை. நான் கமரா தூக்கிய கதையை அந்த இடத்திலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும்.

1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் ஊர் மன்னார் மாவட்டத்தின் தெற்கே, முசலிப் பகுதியில், கடலுக்கும் காட்டுக்கும் இடையில் இருந்தது. ஆயுதம் தாங்கியவர்கள் வந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. வாப்பா குர்ஆனையும் காணி உறுதியையும் எடுத்துக்கொண்டார். உம்மா ஒரு சட்டியையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் தூக்கிக்கொண்டார். மீன்பிடி வள்ளமொன்றில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தோம். வீட்டுச் சுவரில் மூத்தாப்பாவின் படம் ஒன்றும் மாமாவின் கலியாணப் படம் ஒன்றும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தன. அவற்றைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தோம். இரவில் விளக்கை அணைத்த பிறகு வாப்பா ஊரைப் பற்றிப் பேசுவார். ஆனி, ஆடியில் பாலைமரங்கள் பழுத்துக் கொட்டும், கரடிக்கு முந்திப் போய்ப் பொறுக்க வேண்டும் என்பார். மாரியில் குளத்தில் இறங்கியிருக்கும் வாத்துக் கூட்டம் எழும்பினால் வானம் கறுக்கும் என்பார். உம்மா எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரின் இனிப்பைப் பற்றிச் சொல்வார். முகாமில் எங்களுக்குக் கிடைத்தது சவர்த் தண்ணீர். ஆகையால் எந்தப் பேச்சும் கடைசியில் அந்தக் கிணற்றில்தான் வந்து முடியும். தம்பி, "கிணறு எப்படி இருக்கும், நானா?" என்று கேட்பான். நான் மண்ணில் கீறிக் காட்டுவேன். நான் கீறியது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருந்தது. பத்து வயதுப் பிள்ளையின் ஞாபகம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு படம் இருந்திருந்தால் என்று முதன்முதலில் நினைத்தது அப்போதுதான்.

2001இல் உதவி ஆசிரியராக நியமனம் கிடைத்தது. மூன்றாவது சம்பளத்தில், புத்தளம் நகரில் ஸ்டூடியோ வைத்திருந்த நானா ஒருவரிடம் பழைய செனித் கமராவொன்றை வாங்கினேன். ரஷ்யத் தயாரிப்பு. செங்கல் போன்ற கனம். பொத்தானை அமத்தினால் கதவு அடிபடுவது போலச் சத்தம் வரும். பக்கத்தில் நிற்கும் கொக்கு பறந்துவிடும். நானா கலியாண வீடுகளில் படம் பிடிப்பவர். ஆனாலும் வெளிச்சத்தைப் படித்தவர். "சேர், சாமானப் பார்க்காதீங்க. சாமான்ல விழுற வெளிச்சத்தப் பாருங்க" என்று அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஒரு பிலிமில் 36 படங்கள். கழுவி அச்சிடும் செலவு ஆசிரியச் சம்பளத்துக்குப் பெரிய பாரம். ஆகவே ஒரு படத்துக்கு அரை மணித்தியாலம் யோசிப்பேன். இப்போது திரும்பிப் பார்க்கையில், அந்தக் கைமுட்டு எனக்கு நல்ல வாத்தியாராக இருந்திருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியவர் லெப்பையாக இருந்தார். கமராவைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. "மனுசர்ர படம் வேணாம், மகன். மரத்தையும் மட்டையையும் எடுத்தாப் பரவால்ல" என்றார். கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் இறங்கவில்லை. அவருக்கு மரியாதை கொடுத்து மனிதர்களை விட்டுவிட்டேன். கற்பிட்டிக் களப்பையும் உப்பளங்களையும் பிடிக்கும்போது யாராவது குறுக்கே வந்தால் அவர் போய் மறையும் வரை காத்திருப்பேன். ஆளில்லாத நிலத்தைப் படம் பிடிக்கும் பழக்கம் இப்படித்தான் எனக்கு வந்தது. அது பிற்காலத்தில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியாது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அந்த வருட முடிவில் மன்னாருக்குப் போய்வர வழி பிறந்தது. எங்கள் ஊருக்குப் போக முடியவில்லை; மன்னார் நகர் வரையில்தான். பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் நீண்ட தாம்போதியில் பஸ் ஏறியபோது ஒருபக்கத்துச் சேற்று வெளியில் வெளிறிய கோடொன்று தெரிந்தது. உப்புப் படிந்திருக்கிறதென்று நினைத்தேன். கோடு அசைந்தது. பூநாரைகள். பல நூறு பறவைகள், தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்றை அரித்துக்கொண்டிருந்தன. இறங்கி, ஒரு பிலிமை முழுவதுமாக முடித்தேன். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்துக்கு மட்டும் நாலு படங்கள் மிச்சம் வைத்திருந்தேன். ஆபிரிக்காவின் மரம் அது. அறபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது பரவலான நம்பிக்கை. அதன் அடியைச் சுற்றி வளைக்கப் பத்துப் பேராவது கைகோத்து நிற்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பையைக் கிளறினார்கள். பிலிமில் என்ன இருக்கிறதென்று காட்டச் சொன்னார்கள். கழுவாத பிலிமில் எதைக் காட்டுவது? ஓர் இளைஞன் கமராவின் முதுகைத் திறந்து பிலிமை இழுத்து வெயிலில் பிடித்தான். கோபத்தோடு செய்யவில்லை. வலையை உதறுவது போலச் செய்துவிட்டு, சுருளை என் கையிலேயே திருப்பித் தந்தான். வடக்கில் நான் எடுத்த முதல் 36 படங்களையும் நான் பார்க்கவேயில்லை.

பிறகு ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். அங்கே நூலகத்தில் ஜி. எம். ஹென்றி எழுதிய இலங்கைப் பறவைகள் பற்றிய ஆங்கில நூல் கிடைத்தது. 1955இல் வெளிவந்தது. படங்களையும் அவரே வரைந்திருந்தார். ஆங்கிலப் பெயர்களை அதிலிருந்து கொப்பியில் எழுதிக்கொள்வேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் அடையாளம் சொல்லித் தமிழ்ப் பெயர் கேட்பேன். வாப்பாவுக்குச் சிலவற்றின் பெயர் தெரியும். சிலவற்றின் ருசி மட்டும் தெரியும். அதை மறைக்காமல் சொல்லிச் சிரிப்பார்.

தெற்கிலிருந்து வரும் படக்காரர்கள், "வடக்கில் என்ன இருக்கிறது? மலையில்லை, அருவியில்லை" என்று கேட்பதுண்டு. உண்மைதான். அங்கே நிலம் தட்டையானது. ஒக்டோபரில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை தையோடு ஓய்ந்தால் பிறகு பல மாதங்களுக்கு வானம் கைவிட்டுவிடும். கட்டுக்கரைக்குளம் போன்ற பெருங்குளங்களும் ஓரம் வற்றி வெடிக்கும். உயரமாக நிற்பதற்குப் பனையும் பாலையும் தவிர அதிகமில்லை. ஆனால் அதனால்தான் அங்கே வெளிச்சம் தடையில்லாமல் வருகிறது. சுப்ஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் கிழக்கே ஒரு விரற்கடை அளவு செம்மை தெரியும். பத்து நிமிடத்துக்குள் அது நிலத்தோடு நிலமாக ஓடிவந்து உங்கள் காலைத் தொடும். குறுக்கே நின்று மறிக்க ஒன்றுமில்லை. மலைநாட்டுப் படத்தில் கண் மலையில் போய் முட்டிக்கொள்ளும். வடக்கின் படத்தில் கண் போய்க்கொண்டே இருக்கும். இந்த வெளியை நான் முதலில் வாப்பாவின் பேச்சில்தான் பார்த்தேன். கண்ணால் கண்டது பிறகுதான்.

2010 நவம்பரில் வாப்பாவோடு ஊர் பார்க்கப் போனேன். யுத்தம் முடிந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. கையில் புதிதாகக் கடனுக்கு வாங்கிய கெனன் டிஜிட்டல் கமரா. மன்னார் வழியாகச் சிலாவத்துறைக்கு வந்து, அங்கிருந்து உழவு இயந்திரமொன்றில் ஏறித் தெற்கே போனோம். பாதையின் இருமருங்கிலும் மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகைகள். துப்புரவாக்கிய ஒற்றையடிப் பாதையில் மட்டும் நடக்கலாம் என்றார்கள்.

இறங்கிய இடத்தில் ஊர் இருக்கவில்லை. காடு இருந்தது. வாப்பா வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார். சூரையும் காரையும் விடத்தலும் பின்னிக் கிடந்தன. அவற்றுக்கு மேலாக மெலிந்த வீரை மரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி வளர்ந்திருந்தன. வாப்பா மரங்களைத்தான் பார்த்துக்கொண்டு போனார். ஓர் இடத்தில் நின்று, "இது புளி" என்றார். "புளியமரம் தானா வந்து காட்டுக்குள்ள நிக்காது. இது பள்ளிக்குப் பின்னால நின்ட புளி." அந்த மரத்திலிருந்து அவருக்கு ஊர் திரும்பவும் கிடைத்தது. புளியிலிருந்து இத்தனை எட்டு, அங்கிருந்து சரித்து இத்தனை எட்டு என்று நடந்து எங்கள் வளவுக்கு வந்தோம். வீட்டின் அத்திவாரக் கல் சில தெரிந்தன. பக்கத்தில் கிணறு. கல் கட்டிய வட்டம் அப்படியே இருந்தது. உள்சுவர் வெடிப்பிலிருந்து ஓர் ஆலங்கன்று முளைத்து வெளியே தலைநீட்டியது. தூரத்தில் தண்ணீர் மினுங்கியது.

வாப்பா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நான் கமராவை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கிணற்றடிச் சருகுக்குள் ஏதோ துள்ளியது. ஆறுமணிக்குருவி. முதுகு பச்சை, கண்ணின் மேலே கறுப்புப் பட்டை, வால் அடியில் குங்குமச் சிவப்பு. இமயமலை அடிவாரங்களிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு ஒக்டோபர் அளவில் இலங்கைக்கு வரும் குருவி. காலையிலும் மாலையிலும் அதன் இரட்டைச் சீழ்க்கையைப் பலர் கேட்டிருப்பார்கள், கண்டவர்கள் குறைவு. நான் மூச்சை அடக்கி முழங்காலில் இருந்தேன். கிணற்றின் சாம்பல் நிறச் சுவர் பின்னால் வந்து படத்தைக் கெடுத்தது. சற்று இடப்பக்கம் அரைந்து, சுவரை வெட்டிவிட்டு, பச்சை இலை மட்டும் பின்னணியாக வரும்படி எடுத்தேன். அருமையான படம்.

"என்ன மகன் எடுத்த?" என்று வாப்பா கேட்டார்.

"ஒரு குருவி, வாப்பா."

"கிணத்த எடுக்கல்லியா?"

எடுத்தேன்தான், பிறகு. அவசரத்தில், உச்சி வெயிலில், ஏனோதானோவென்று. இருபது வருடமாக மண்ணில் கீறிக் காட்டிய கிணறு எதிரே நிற்க, நான் அதை வெட்டித் தள்ளிவிட்டுக் குருவியைப் பிடித்திருக்கிறேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது அடுத்த வருடம்தான். அந்தக் குருவிப் படம் ஒரு நாட்காட்டிக்குத் தெரிவானது. கொழும்பில் அச்சிட்டார்கள். நல்ல வழுவழுப்பான தாள். படத்தின் கீழே, மனிதக் காலடி படாத கன்னிக் காடு என்ற கருத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த வரியல்ல. ஆனால் படத்தைப் பார்த்தவர் வேறெதை எழுத முடியும்? பெருமையோடு அதை வாப்பாவிடம் கொடுத்தேன். வரியின் அர்த்தத்தைக் கேட்டார். சொன்னேன். நாட்காட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, "நான் நடந்து பழகின இடம்டா அது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டில் அந்த நாட்காட்டி மாட்டப்படவில்லை.

எங்கள் பகுதி ஒருகாலமும் ஆளில்லாத இடமாக இருந்ததில்லை. முத்துக்குளிப்புக் காலங்களில் இந்தக் கரையில் பெரும் கொட்டில் நகரங்கள் எழும்பி, சில வாரங்களில் கலைந்து போகும். 1906இல் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பின்போது, பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப் இளம் அரச உத்தியோகத்தராக அங்கே கடமையாற்றினார். 1913இல் வெளிவந்த அவருடைய நாவல் நாட்டின் தென்பகுதிக் கிராமமொன்றைக் காடு விழுங்குவதைச் சொல்கிறது. இங்கே வடக்கே அரிப்பில், ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவென்று கட்டிய மாளிகையின் இடிபாடு கடலோரத்தில் நிற்கிறது. எங்களவர்கள் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். வருடத்துக்கு வருடம் கடல் அதைத் தின்கிறது. மாலை வெயிலில் அதைப் பிடிக்காத படக்காரர் இல்லை. நானும் பலதடவை பிடித்திருக்கிறேன். ஆளுநரின் இடிந்த சுவருக்குப் பெயர் இருக்கிறது, வரலாறு இருக்கிறது. எங்கள் பள்ளிச் சுவரும் வீட்டு அத்திவாரமும் இடிந்தபோது அவற்றின் பெயர் காடு என்றாகிவிட்டது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

2013இல் இடமாற்றம் கேட்டு வாங்கி முசலியில் உள்ள ஒரு கிராமப் பாடசாலைக்கு வந்தேன். மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம். ஏற்கெனவே 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குழிப் பகுதிகளில் ஒரு நிலப்பரப்பு ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்திருந்தது. ஊருக்குத் திரும்பியவர்கள் பலருக்கு அது வெகுநாளைக்குப் பிறகே தெரியவந்தது. 2015 அளவில் நாடு முழுவதும் ஒரே பேச்சு: முஸ்லிம்கள் வில்பத்துவை அழிக்கிறார்கள். வில்பத்துத் தேசிய பூங்கா 1938இல் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் வடக்கெல்லை மோதரகம் ஆறு. எங்கள் கிராமங்கள் ஆற்றுக்கு வடக்கே, பூங்காவுக்கு வெளியே இருந்தவை. ஆனால் சூழலியலாளர்கள், எல்லைக்கோடு தாளில்தான் இருக்கிறது, காடு ஆற்றோடு நின்றுவிடவில்லை என்று சொன்னார்கள். அதுவும் பொய்யல்ல. யானைக்கு ஆற்றின் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் கிடையாது.

என்னோடு நல்ல நட்பாக இருந்த படக்காரர்கள் சிலர், "உங்கட ஆக்கள் ஏன் சேர் இப்படிச் செய்றாங்க?" என்று கேட்டார்கள். நான் புளியமரத்தையும் கிணற்றையும் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்களா தெரியாது. நாட்காட்டியில் வந்த என் படமே எனக்கு எதிரான சாட்சியாக அவர்கள் மனதில் இருந்திருக்கும். ஏனென்றால் அதில் கிணறு இல்லை.

மறுபக்கமும் இருந்தது. ஒருநாள் இயந்திரங்கள் வேலை செய்த பக்கமாகக் கமராவோடு போனேன். மரத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு நிலத்தின் வயது தெரியும். நெருக்கியடித்து நின்ற மெலிந்த வீரைகள் எங்கள் இருபது வருடங்கள். அவை நின்ற இடம் வளவு, தோட்டம், சேனை. அந்த இடத்தை வெட்டியதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு அப்பால், இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கைக்கு அடங்காத பாலைமரங்கள் வேரோடு பிரட்டப்பட்டுக் கிடந்தன. பாலை மெதுவாக வளரும் மரம். அந்தக் கனத்துக்கு வர ஒரு நூற்றாண்டும் போதாது. அங்கே எவருடைய வீடும் இருந்ததில்லை. வாப்பாவின் வாப்பாவுக்கும் அது காடுதான். ஆனி மாதத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கரடியோடு போட்டி போட்டுப் பழம் பொறுக்கிய மரங்கள் அவை. நான் அந்த அடிக்கட்டைகளைப் படம் பிடித்தேன்.

செய்தி ஊருக்குள் பரவியது. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் என்னை மறித்து, "வாத்தியார், எங்களுக்கெதிரா சாட்சி சேர்க்கிறீங்களோ?" என்று கேட்டார். உறவுக்காரர்தான். இருபது வருடம் கிடுகுக் கொட்டிலில் கிடந்து வெந்தவர். அவருக்கு அந்தக் கோபம் தகும். நான் என்ன சொல்வது? "கிணறுகளையும் பிடிச்சு வச்சிருக்கேன், மச்சான். கபுறடிக் கல்லுகளையும் பிடிச்சிருக்கேன். எல்லாத்தையும் ஒண்டாத்தான் வைக்கப் போறேன்" என்றேன். அவர் பேசாமல் போனார். அதன்பின் ஆறேழு மாதங்கள் சிலர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. விசாரணைக்கென்று உத்தியோகத்தர்கள் வந்தபோது இரண்டு உறைகளையும் கொடுத்தேன். ஒன்றில் 14 கிணறுகள், பள்ளிப் புளி, மையவாடி. மற்றதில் பாலை அடிக்கட்டைகள். ஓர் உத்தியோகத்தர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

2016இல் வாப்பா மௌத்தானார். கிணற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்ற ஆசை கடைசிவரை அவருக்கு இருந்தது. 2017இல் மாவில்லு என்ற பெயரில் 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலப்பரப்பு பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனமானது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு வனப்பகுதியில் நடந்த காடழிப்பு சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. எங்களுக்குக் கிடைத்த காணித்துண்டு பழைய வளவிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிறது. கிணறு எல்லைக் கல்லுக்கு அந்தப்பக்கம். காவலரிடம் சொல்லிவிட்டு எப்போதாவது போய்ப் பார்க்கலாம். அள்ளிக் குடிக்க முடியாது.

அந்தக் கிணற்றைத் தா என்று உரத்துக் கேட்க என்னால் முடியவில்லை. அதைச் சுற்றி இப்போது ஒரு காடு வாழ்கிறது. அந்தக் காட்டை நான் நேசிக்கிறேன். ஆனால் அது எங்களுடையதல்ல என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். இரண்டையும் சுமந்துகொண்டு நடக்கப் பழகிவிட்டேன்.

வெறும் நிலமாகத் தெரிவது எதுவும் வெறுமையானதல்ல என்பதை எனக்குப் பறவைகளும் சொல்லித் தந்திருக்கின்றன. வங்காலைச் சதுப்பு 2008இல் சரணாலயமாகி, 2010இல் 4,839 ஹெக்டேயருடன் ராம்சார் ஈரநிலமானது. சாதாரண ஆளுக்கு அது புல்லும் உவரும்தான். மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளுக்கோ நெடும்பயணத்தின் கடைசித் தரிப்பிடங்களில் ஒன்று. 2021இல் மன்னாரில் ஆய்வாளர்கள் செய்மதிக் கருவி பூட்டிவிட்ட ஹியூக்ளின் கடற்காகம் ஒன்று, 7,000 கிலோமீற்றருக்கும் கூடுதலாகப் பறந்து ரஷ்யாவின் வட எல்லையில் ஆர்க்டிக் கரையிலுள்ள யமால் குடாநாட்டைப் போய்ச் சேர்ந்தது. எங்கள் வடக்குக்கும் வடக்கே இன்னொரு வடக்கு. நாங்கள் வள்ளமேறிய அதே ஒக்டோபரில் அவை வந்து இறங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கின. மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மின்சாரம் வேண்டும்தான். ஆனால் இந்த நிலத்தின் வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டவர்களுக்கும் அது வெறும் வெளியாகத்தானே தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போது, என்னுடைய பழைய படங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

பாடசாலையில் ஒரு சின்ன வேலை செய்வேன். பழைய மட்டையில் நாற்சதுரத் துவாரம் வெட்டி ஆளுக்கொன்று கொடுப்பேன். அதனூடாகக் குளக்கட்டைப் பார்த்து, தெரிவதைக் கொப்பியின் ஒரு பக்கத்தில் எழுதச் சொல்வேன். பிறகு மட்டையைக் கீழே வைத்துவிட்டு, தெரியாமல் போனதை மறுபக்கத்தில் எழுதச் சொல்வேன். மறுபக்கம் எப்போதும் நீளமாகவே இருக்கும்.

2025 ஒக்டோபரோடு 35 வருடங்கள் நிறைந்தன. அந்த மாதக் கடைசியில் ஒரு மாலை, அனுமதி கேட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். ஆலங்கன்று இப்போது மரமாகிக் கிணற்றின் ஒருபக்கத்தைப் பிளந்து வைத்திருக்கிறது. இரண்டு மணித்தியாலம் இருந்தேன். மஃரிபுக்குச் சற்று முந்திச் சீழ்க்கை கேட்டது. பிறகு சருகு அசைந்தது. ஆறுமணிக்குருவி. ஒருவேளை முதற் குருவியின் பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளையாக இருக்கும். இந்த முறை நான் அரையவில்லை. கிணற்றுக் கட்டு முழுவதும் படத்துக்குள் வரும்படி பின்னுக்குப் போனேன். குருவி மூலையில் ஒரு பச்சைப் புள்ளியாகச் சிறுத்துப் போனது. வெளிச்சமும் போதவில்லை. எந்தப் போட்டிக்கும் அனுப்பக்கூடிய படமல்ல.

பெரிதாக அச்சிட்டு உம்மாவிடம் கொடுத்தேன். உம்மாவுக்கு இப்போது நடக்க முடியாது. திரும்பிவந்த பிறகும் அந்தக் கிணற்றை அவர் கண்டதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். குருவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றுக் கட்டின் விளிம்பில் ஓர் இடத்தை விரலால் தொட்டார். நான் அதுவரை கவனிக்காத, கல்லில் தேய்ந்த மூன்று பள்ளங்கள்.

"கயித்துத் தடம் அப்பிடியே இருக்கு" என்றார்.